ஆறில் ஒன்று, பதினெட்டு அடி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். ஒன்று, “பொழுது எப்படிப் போகுது?” மற்றது, “அண்ணே, இது ஏன் கூட்டுனா வரமாட்டேங்குது?” முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்வியால்தான் எனக்குப் பொழுது போகிறது. சில நாள் போகாமலும் படுத்துகிறது.

காரைக்குடியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இப்போது என் நாற்காலியில் இருப்பவள் செல்வி. கெட்டிக்காரி. பத்திரம் தயாரிக்க அங்கே புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். பங்கைச் சதவீதமாகத்தான் அது கேட்கும். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம், அதற்கு மேல் அதற்குப் பொறுமை கிடையாது. போன மாதம் ஒரு காலையில் செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, வலையபட்டிப் பார்ட்டி. அண்ணன் தம்பி மூணு பேரு, ஆளுக்கு மூணுல ஒண்ணு. 33.33 போட்டா மொத்தம் 99.99 வருது. செவப்பாக் காட்டிக்கிட்டு நிக்குது.”

“யாராவது ஒருத்தருக்கு 33.34 போடும்மா.”

“யாருக்குண்ணே?”

“மூத்தவருக்குப் போடு. கோயில்ல முதல் மாலையும் அவருக்குத்தான விழுது.”

அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. நூறில் 0.01 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் அது நாலேகால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு தாராளமாக நிற்கலாம். அந்த இடத்தை யாரைக் கேட்டு மூத்தவருக்குக் கொடுத்தேன்? கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். “நடக்கிறதுதான் நடக்கிறீக, கடைவீதிப் பக்கமா நடந்தா கருவேப்பிலையாவது வரும்” என்றாள் மனைவி. கடைவீதிக்குப் போனேன். கருவேப்பிலை வாங்காமல் திரும்பினேன்.

குமாஸ்தாக்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று இளையவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பொறுமை என்னும் பண்பு பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தப் பண்பு வாய்க்கவில்லை. பின்னங்களைப் பற்றி எழுதுகிறேன்.

கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வங்கித் தேர்வுகளை எழுதி எழுதிக் கை ஓய்ந்தபின் இந்தத் தொழிலுக்கு வந்தேன். முதல் சில வருடம் கட்டுத் தூக்கினேன், வாய்தா குறித்தேன், நகல் மனுப் போட்டேன், கோர்ட்டு வராந்தாவில் நின்றேன். அதைப்பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. நின்றது நிறைய.

எங்கள் சீனியர் வக்கீலைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றி மேசையில் நிற்க வைப்பார். அது விழும்வரை எதிரே இருப்பவன் மூச்சு விடமாட்டான். அவருடைய அறையில் கால்குலேட்டர் கிடையாது. “தசமமும் செருப்பும் வாசலோட” என்பார். கணக்கெல்லாம் பழைய மாதக் காலண்டர் தாளின் முதுகில்தான்.

பாகப்பிரிவினை என்று யார் வந்தாலும் அவர் கேட்கும் வரிசை மாறாது. முதலில் கொடிவழி: யாருக்கு யார் பிறந்தார்கள், யார் முந்தி இறந்தார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பங்கு. பிறகு எல்லாப் பின்னங்களுக்கும் பொதுவாக ஒரு கீழ் எண். பிறகு கூட்டல். பிறகு நிமிராமலே ஒரு கேள்வி: “ஒண்ணு வந்துச்சா?”

எல்லோருடைய பங்கையும் கூட்டினால் முழுசாக ஒன்று வர வேண்டும். குறைந்தால் யாரையோ விட்டுவிட்டோம். கூடினால் யாரையோ இரண்டு முறை எண்ணிவிட்டோம். இதிலே அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. முதலில் வருகிறவர்களுக்குப் பங்கை எழுதிவிட்டு, கடைசிப் பெயருக்கு நேரே ‘மீதி முழுவதும்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். மிகவும் வசதியான வழக்கம். மொத்தம் எப்போதும் சரியாக வந்துவிடும்; வராமல் எங்கே போகும்? மேலே எந்த இடத்தில் தப்பு இருந்தாலும் அது உருண்டு வந்து கடைசி ஆளின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் பேசாத ஆளாக இருப்பார். பேசுகிறவர்கள் கடைசியில் நிற்பதில்லை.

சீனியர் ‘மீதி’ என்ற சொல்லை அடித்துவிடுவார். “கடைசி ஆளுக்கும் கணக்குப் போடு. போட்டுட்டுக் கூட்டு. அப்பத்தான் ஒண்ணு வாரதுக்கு மரியாதை.”

சேர்ந்த புதிதில் எங்களிடம் ஒரு ஜூனியர் வக்கீல் இருந்தார். சட்டத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர். பள்ளத்தூர்ச் செட்டியார் ஒருவருக்கு ஒரு பெரிய வீட்டில் ஆறில் ஒரு பங்கு. பங்காளி ஒருவரிடமிருந்து அதே வீட்டில் எட்டில் ஒரு பங்கை விலைக்கு வாங்கினார். இரண்டையும் சேர்த்து எழுதும் வேலை ஜூனியருக்கு வந்தது. அவர் மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி, பதினாலில் இரண்டு, சுருக்கினால் ஏழில் ஒன்று என்று அழகாகத் தட்டச்சு செய்து நீட்டினார். செட்டியார் படித்துப் பார்த்தார்.

“ஏப்பா, ஆறுல ஒண்ணு வச்சிருந்தேன். மேக்கொண்டு எட்டுல ஒண்ணு வாங்குனேன். இப்ப ஏழுல ஒண்ணுங்கிறீக. வாங்குனதுக்குத் தண்டனையா?”

சீனியர் பேனா மூடியைத் தொட்டார், ஆனால் கழற்றவில்லை. ஜூனியரிடம் சொன்னார்: “ஆறுங்கிறது ஒரு மரக்கா, எட்டுங்கிறது வேற மரக்கா. ரெண்டையும் ஒரே மரக்காலுக்கு மாத்துறதுக்கு முன்னாடி அளக்கலாமா?” இருபத்துநாலுக்கு மாற்றினோம். நாலும் மூன்றும் ஏழு, இருபத்துநாலில் ஏழு. அதே மாதத்தில் செட்டியார் தன் தங்கைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தானமாக எழுதி வைத்தார். பன்னிரண்டில் ஒன்று என்றால் இருபத்துநாலில் இரண்டு. ஏழில் இரண்டு போக ஐந்து. “வாங்குனப்பக் குறைஞ்சுச்சு, குடுத்தா உங்க கணக்குல கூடுமா?” என்று போகும்போது ஜூனியரைக் கேட்டுவிட்டுப் போனார் செட்டியார். அந்த ஜூனியர் பின்னாளில் குற்றவியல் பக்கம் போய்ப் பெரிய பெயர் எடுத்தார். அங்கே பின்னம் கிடையாது. உள்ளே அல்லது வெளியே.

இருபத்துநாலு என்ற எண் எங்கள் தொழிலில் நல்ல எண். ஆறு, எட்டு, பன்னிரண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். மேல் எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். கீழ் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அது அஸ்திவாரக் கல், அசையாது. அப்படித்தான் நம்பியிருந்தேன். மைதீன் பாய் குடும்பம் வரும்வரை.

அமராவதிபுதூர் போகும் சாலையில் அவர்களுக்கு ஒரு காலி மனை. சாலையோரமாகக் கிழக்கு மேற்கில் நூற்றெட்டு அடி. பின்னால் வரை ஒரே சீரான ஆழம். மைதீன் பாயின் மூத்த மகன் அமானுல்லா வளைகுடாவில் வேலை பார்த்துத் தன் பெயரில் வாங்கியது. வீடு கட்டுவதற்கு முன்னால் போர் போட்டு வைத்தார். நல்ல தண்ணீர். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பது லேசில் கிடைக்காது. பிறகு அமானுல்லா அங்கேயே, வேலை பார்த்த இடத்தில், மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். மனைவி நூர்ஜஹான், இரண்டு பெண்கள். பெண்கள் இருவரும் பதினெட்டைத் தாண்டியவர்கள், கல்லூரியில் படித்தார்கள். மனையின் கிழக்குப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, நூர்ஜஹான் இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போட ஆரம்பித்திருந்தார். அந்த போரை நம்பித்தான் தொழில்.

நூர்ஜஹான் கணவருக்காக வீட்டோடு இருந்த இத்தா முடிந்து சில மாதம் கழித்து எல்லோரும் சேர்ந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். மைதீன் பாய், அவர் மனைவி ரஹ்மத்தம்மா, இளைய மகன் சிராஜ், நூர்ஜஹான், அவருடைய மூத்த பெண் ரிஸ்வானா. சிராஜ் கையில் ஒரு பத்திர எழுத்தர் தயாரித்துக் கொடுத்த வரைவு இருந்தது.

“எல்லாம் ரெடி சார். நீங்க ஒருதடவ பாத்து ஓகேன்னு சொன்னாப் போதும். மேக்க முப்பத்தாறு அடிக்கு ஆளும் ரெடியா இருக்கு. பைக் ஷோரூம் போடுறாக.”

சீனியர் வரைவை ஓரமாக வைத்துவிட்டுத் தன் வரிசையில் கேட்டார். கடன் ஏதும் உண்டா? மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி உண்டா? அடக்கச் செலவு யார் செய்தது? இதெல்லாம் கழிந்த பிறகுதான் பங்கு. எல்லாம் தீர்ந்திருந்தது. பிறகு வரைவை எடுத்தார். மனைவிக்கு எட்டில் ஒன்று. தகப்பனாருக்கு ஆறில் ஒன்று. தாயாருக்கு ஆறில் ஒன்று. மகள்கள் இருவருக்கும், மீதி முழுவதும்.

சீனியர் பேனா மூடியைக் கழற்றினார். என்னிடம், “காலண்டர எடு” என்றார்.

வரைவின்படி மேற்கே தாய் தகப்பனுக்கு முப்பத்தாறு அடி, கிழக்கே மற்றவர்களுக்கு எழுபத்திரண்டு. போர் மேற்கு எல்லையிலிருந்து முப்பத்துநாலாவது அடியில் இருந்தது. நான் கேட்காமலே நூர்ஜஹான் சொன்னார்: “மாமா இருக்கவரைக்கும் தண்ணி தருவாக. ஷோரூம்காரக தருவாகளா? போரு அங்குட்டுப் போச்சுன்னா நான் மாவாட்ட எங்குட்டுப் போறது?”

“கேன் வாங்கிக்கலாம் அண்ணி” என்றார் சிராஜ்.

“கேன் தண்ணில மாவு ஆட்டி வித்தா, இட்லிய நகைக்கடையிலதான் விக்கணும் சின்னத்தா” என்றாள் ரிஸ்வானா. அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

சீனியர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மீதியத் தள்ளு. மகளுகளுக்குக் கணக்குப் போடு. ஆம்பளப் புள்ள இல்ல, ரெண்டு மக. மூணுல ரெண்டு அவுகளுக்கு. எழுது.”

எழுதினேன். கீழ் எண் இருபத்துநாலு. மனைவிக்கு மூன்று. தகப்பனாருக்கு நாலு. தாயாருக்கு நாலு. மகள்களுக்குப் பதினாறு. கூட்டினேன். மறுபடி கூட்டினேன். தாளைத் திருப்பி வைத்துக் கூட்டினாலும் அதேதான் வந்தது.

“ஒண்ணு வந்துச்சா?”

“வரல சார்.”

“குறையுதா?”

“கூடுது. இருபத்துநாலுக்கு இருபத்தேழு இருக்கு.”

சிராஜ்தான் முதலில் பேசினார். “கூடுனா மூணக் கழிச்சிர வேண்டியதுதான சார்? அதத்தான் அந்த எழுத்தர் பண்ணியிருக்காரு.”

“கழிக்கலாம்” என்றார் சீனியர். “யார்ட்ட இருந்து?”

“புள்ளைகள்ட்ட இருந்துதான். கட்டிக்கொடுத்தா போறவுகதான.”

“எங்கள்ட்ட மட்டும் ஏன் சின்னத்தா? பேரு கடைசியா எழுதியிருக்கதுனாலயா?” என்றாள் ரிஸ்வானா.

சீனியர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவர் இருபது வருடமாகச் சொல்லி வந்ததை ஒரு கல்லூரிப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மேல இருக்கிறது எதையும் தொடாத. கீழ கைய வையி. இருபத்துநால அடிச்சிட்டு இருபத்தேழுன்னு போடு.”

நான் அசையவில்லை. கணிதம் படித்தவனிடம் கீழ் எண்ணை இஷ்டத்துக்கு மாற்று என்றால் எப்படி இருக்கும்? அப்படி மாற்றினால் அது அதே பின்னமே இல்லை. எட்டில் ஒன்று என்பது ஒன்பதில் ஒன்றாகிவிடும். ஆறில் ஒன்று, இருபத்தேழில் நாலு ஆகிவிடும் என்றேன்.

“ஆகட்டும்” என்றார் சீனியர். “என் புத்தி இல்லப்பா இது. அவுக சட்டத்துல உள்ளது. அவ்ல்னு பேரு. பங்கு ஒண்ணத் தாண்டிப் போச்சுன்னா இதான் வழி.”

மைதீன் பாய் அதுவரை தொப்பியைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். “எனக்கு வெளங்கலையே வக்கீலய்யா.”

“பாய், உங்க வீட்டுக் கல்யாணத்துல இருபத்துநாலு பேருக்குன்னு சோறாக்குனீக. பந்தியில பாத்தா இருபத்தேழு பேரு உக்காந்துட்டாக. கடைசியா உக்காந்த மூணு பேர எந்திரிச்சுப் போகச் சொல்வீகளா?”

“அதெப்படிச் சொல்றது! ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சு வச்சு எல்லாத்தையும் சாப்புட வைக்கிறதுதான்.”

“அவ்வளவுதான் சட்டம். முதல்ல உக்காந்தவருக்கும் குறையும், கடைசியா உக்காந்தவருக்கும் குறையும். ஒரே அளவுக் கரண்டி.”

பாய் யோசித்தார். “அப்ப எங்களுக்குக் குறையிற மாதிரி எம்மருமவளுக்குங் குறையுதா?”

“குறையுது. வரைவுல அவுகளுக்குப் பதிமூணரை அடி. இப்பப் பன்னெண்டுதான்.”

“பேத்திகளுக்கு?”

“மூணுல ரெண்டுன்னா எழுபத்திரண்டு அடி வரணும். அறுபத்துநாலுதான் வருது.”

“அப்பச் சரி” என்றார் பாய். தொப்பியை விரித்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

நூற்றெட்டு அடியை இருபத்தேழால் வகுத்தால் ஒரு பங்கு சரியாக நாலடி. தாய் தகப்பனுக்கு எட்டுப் பங்கு, முப்பத்திரண்டு அடி. கோடு முப்பத்திரண்டில் விழும். போர் முப்பத்துநாலில். இரண்டடி இந்தப் பக்கம்.

“சோறு ஒரு கரண்டி குறைஞ்சாப் பரவாயில்ல சார்” என்றார் சிராஜ். “எனக்கு நாலு அடியில்ல குறையுது. முப்பத்தாறு இல்லாட்டி அந்த ஆளு வேணாம்பான்.”

“உங்களுக்கு ஒண்ணும் குறையல தம்பி. இதுல உங்களுக்குப் பங்கே இல்ல. குறையிறது அத்தாவுக்கும் அம்மாவுக்கும்.”

சிராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். கீழே தெருவில் அவருடைய வண்டி உதைபடும் சத்தம் கேட்டது. ரஹ்மத்தம்மா அன்று பேசியது ஒரே தடவைதான். என்னிடம், மெதுவாக, மற்றவர்கள் செருப்பு மாட்டும்போது: “எனக்கு ஆறுல ஒண்ணு, பதினெட்டு அடின்னு சொன்னாகளே.”

“இப்பப் பதினாறும்மா.”

“பதினாறா” என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் எதுவும் இல்லை. மகனுக்குத் தாய் என்ற கணக்கில் ஆறில் ஒன்று என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை மனதில் வைத்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தேன்.

சிராஜ் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். பிறகு பக்கத்து ஊர் ஹஜ்ரத்திடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து எங்கள் அலுவலக வாசலில், வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: “ரெண்டு பேரும் இருபத்தேழுங்கிறாக. நீங்கல்லாம் பேசி வச்சுக்கிட்டீகளா?”

அளக்கும் நாளன்று சீனியரும் வந்தார். வழக்கமாக வரமாட்டார். சர்வேயரின் டேப்பை மேற்கு எல்லைக் கல்லில் சிராஜ் பிடித்தார். முப்பத்திரண்டு என்ற இடத்தில் சர்வேயர் குச்சியால் கீறினார். “இனிமே கிழக்க இருந்து” என்றார் சீனியர். சர்வேயருக்கு எரிச்சல். “எதுக்கு சார்? ஒருதடவ அளந்தாச்சுல்ல.” சீனியர் கிழக்குக் கல்லைக் கைகாட்டினார். மீதி என்று ஒன்றை அவர் மண்ணில்கூட ஒப்புக்கொள்ளமாட்டார். கிழக்குக் கல்லில் ரிஸ்வானா பிடித்தாள். எழுபத்தாறு அடி.

இரண்டு கீறலும் சேரவில்லை. மேற்கிலிருந்து அளந்தது போரைத் தொட்டுக்கொண்டு விழுந்திருந்தது. கிழக்கிலிருந்து அளந்தது அதற்கு இரண்டடி மேற்கே. நூர்ஜஹான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். இழுத்துவிடத் தேவையே இல்லை. அது அப்படியேதான் இருந்தது.

“மறுபடி பிடிங்க தம்பி” என்றார் சீனியர், எப்போதும் பேசும் குரலில். “டேப்ப கல்லுமேல வச்சுப் பிடிங்க. கல்லுக்கு இங்குட்டு இல்ல.”

சிராஜ் கையை இரண்டடி பின்னால் கொண்டுபோனார். மைதீன் பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த முறை இரண்டு கீறலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அங்கே கல் நட்டோம். திரும்பி வரும்போது காரில் சீனியர் என்னிடம் கேட்டார், “ஒண்ணு வந்துச்சா?” வந்தது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஷோரூம்காரர் முப்பத்திரண்டு அடி வேண்டாம் என்று போய்விட்டார். அந்த நிலம் சும்மா கிடந்தது. நூர்ஜஹான் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய் வைத்தார். மைதீன் பாய் காலையில் நடந்து வந்து அந்தப் பக்கத்தில் நின்றபடி குடத்தை நீட்டுவார்; மருமகள் இந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக் கொடுப்பார். கல்லைத் தாண்டி வந்து தானே பிடிக்கலாம், அவர் வரவில்லை. அவருக்குக் கணக்கு தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சீனியர் இப்போது இல்லை. அலுவலகத்தை அவர் மருமகன் நடத்துகிறார். வாசலோடு நின்றிருந்த தசமம் உள்ளே போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் செல்வி மறுபடியும் பேசினாள். “அண்ணே, உங்க பழைய பார்ட்டி. அமராவதிபுதூர் ரோட்டு மனை. மைதீன் பாய் காலமாயிட்டாக. அவுக பங்கப் பிரிக்கணும்.”

கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். பாயின் பங்கு பதினாறு அடி. மனைவிக்கு எட்டில் ஒன்று, இரண்டடி. மற்றது சிராஜுக்கு, எட்டில் ஏழு, பதினாலு அடி. அமானுல்லா தகப்பனுக்கு முந்தியே போய்விட்டதால், சிராஜ் இருக்கும்போது பேத்திகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மீதி என்று எழுதவில்லை. எட்டில் ஏழையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், கூட்டினேன், ஒன்று வந்தது.

பிறகுதான் நின்றேன். ரஹ்மத்தம்மாவிடம் ஏற்கெனவே இருப்பது பதினாறு. அதோடு இரண்டு. பதினெட்டு. நூற்றெட்டில் பதினெட்டு என்றால், ஆறில் ஒன்று. அன்றைக்கு எங்கள் மேசையில் அவரிடமிருந்து எடுத்தது அளவு பிசகாமல் திரும்பி வந்திருக்கிறது, கணவர் போனபிறகு.

“இந்தத் தடவ நூறு கரெக்டா வந்துருச்சுண்ணே!” என்று செல்வி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்த முப்பத்திரண்டு அடியில அம்மாவுக்கு 56.25, மகனுக்கு 43.75. செவப்பே காட்டல.”

மறுநாள் அங்கே போனேன். நான் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. புதுச் சர்வேயர் டேப்பைப் பிடித்திருந்தார். சிராஜுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது, மேற்குக் கல்லின்மேல் டேப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சரியா இருக்கா சார்?” என்று என்னைக் கேட்டார். ரஹ்மத்தம்மா வெள்ளைத் துணி போர்த்தி, கொட்டகை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தா முடியவில்லை, கையெழுத்து பிறகுதான். ஆனாலும் தன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மருமகளிடம் கேட்டு வந்திருக்கிறார்.

“பதினெட்டு வந்துருச்சாக்கும்?” என்றார்.

மறந்திருப்பார் என்று நினைத்தது என் தவறு. “வந்துருச்சும்மா.”

“அதுல ரெண்டு அவுகளோடது.”

“ஆமாம்மா.”

“எது அந்த ரெண்டு?”

என் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பதினெட்டுக்குள் எந்த இரண்டு என்று பின்னம் சொல்லாது. கூட்டின பிறகு பதினாறும் இரண்டும் தனித்தனியாக இருப்பதில்லை. சீனியர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

“எதை வேணாலும் வச்சுக்கலாம்மா. உங்க இஷ்டம்.”

அவர் விரலை நீட்டினார். கல்லுக்கு அந்தப் பக்கம், குழாய்க்கு எதிரே, குடம் வைத்து வைத்து மண் குழிந்திருந்த இடம்.

“அங்குட்டு வைங்க. அவுக நின்ன எடம் அதுதான்.”

சர்வேயர் அந்தக் கல்லிலிருந்து மேற்கே இரண்டடி அளந்து, ஏன் என்று கேட்காமல், குச்சியால் கீறினார்.